பழைய காரின் இன்ஜினைப் பிரிக்கும் முன்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் அப்பா காலத்து அம்பாசிடரோ ஃபியட்டோ ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் வீடுகள் இன்னும் உண்டு. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பழைய ஜீப்புகளையும் பார்க்கலாம். அவற்றைத் திரும்ப ரோட்டில் இறக்க நினைப்பவர்கள் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. இன்ஜின், பிரேக், கியர் பாக்ஸ், ஸ்டீரிங் என்று ஓட்டத்துக்கு வேண்டிய வேலைகள் மட்டும்தான் இதில் உண்டு. டிங்கரிங், பெயின்ட், சீட் வேலை எல்லாம் தனிக் கதை.

பல வருஷமாக நின்ற கார். புது பேட்டரி மாட்டி ஒரு செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், அதிகம் கெடுப்பதும் அதுதான். நம் ஊர் ஈரக்காற்றில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். வால்வுத் தண்டு கைடில் இறுகியிருக்கும். அந்த நிலையில் செல்ஃப் மோட்டார் பலத்தோடு சுற்றினால் ரிங் உடையும், புஷ் ராடு வளையும். சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) படிந்த சகதியும் ஆயில் பம்ப்புக்குள் போகும்.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். வால்வு கவரைத் திறந்து ராக்கரில் ஆயில் விடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். திரும்பவில்லை என்றால் நெம்ப வேண்டாம், இன்னும் ஊறட்டும். திரும்பினால், நான்கு சிலிண்டரின் வால்வுகளும் மேலே கீழே போய் வருகின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே பேட்டரியைத் தேடுங்கள்.

இன்ஜினை முழுதாகப் பிரிக்கத்தான் வேண்டுமா?

பல நேரம் வேண்டியதில்லை. இன்ஜினே சில அடையாளங்கள் காட்டும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் சந்தேகம் ரிங், போர் (சிலிண்டரின் உள் துளை) மேல். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதிக்கும் நொடியில் மட்டும் நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வு கைடு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்காமல் "புகை தள்ளுது, ஓவராயில் பண்ணணும்" (முழுதாகப் பிரித்துக் கோர்க்கணும்) என்று முடிவுக்கு வருவதில்தான் பணம் வீணாகிறது. கைடு மட்டும் தேய்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்றினால் போதும், பிளாக்கைத் தொடவே வேண்டாம். வெள்ளைப் புகை விடாமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டோ, ஹெட்டில் விரிசலோ இருக்கலாம். கறுப்புப் புகை என்றால் கார்புரேட்டர் வேலைதான்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் பாருங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட நான்குக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் முக்கியம். ஒன்று குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு உட்காரவில்லை, அல்லது கேஸ்கெட் போயிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் ஊதியிருக்கும்.

அப்புறம் ஆயில் பிரஷர். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில், நன்றாகச் சூடான பின் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ அளவிலும் ஐடிலில் 15 அளவிலும் இருப்பது ஆரோக்கியம். டேஷ்போர்டு மீட்டரை நம்பாதீர்கள், தனி கேஜ் மாட்டிப் பாருங்கள். பிரஷர் குறைந்திருந்து, லோடில் அடியிலிருந்து கனமாகத் தட்டினால் மெயின் பேரிங்காக இருக்கலாம். காலை எடுக்கும்போது கடகடவென்றால் பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்து பேரிங். காலையில் குளிர்ந்த இன்ஜினில் தட்டிச் சூடானதும் அடங்கினால் அது பிஸ்டன் ஆட்டம். இந்தக் கடைசிச் சத்தத்தோடு ஒரு கார் பல வருஷம் ஓடும்.

எங்கள் மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே "போர் போயிடிச்சு" என்கிறார். நம்பலாமா?

அவர் காதை நம்பலாம். ஆனால் அந்தக் காதை வைத்து எந்த சைஸ் பிஸ்டன் வாங்குவது என்று முடிவு செய்ய முடியாது. அதற்கு மைக்ரோமீட்டரும் போர் டயல் கேஜும் வேண்டும். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருப்பேன்: அளந்து தாளில் எழுதாமல் எதையும் மாற்றக் கூடாது, எதையும் அப்படியே திரும்பப் போடவும் கூடாது.

சிலிண்டரை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும், கிராங்க்கின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளக்க வேண்டும். மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில், குறுக்குவாக்கில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். பட்டறைகளில் இதைத் தவ் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு தவ் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 10 தவ் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 8 தவ்வைத் தாண்டிவிட்டால் புது ரிங் மட்டும் போடுவது வீண். கொஞ்ச நாள் புகை நிற்கும், அப்புறம் திரும்ப வரும்.

கிராங்க்கையும் ஒவ்வொரு ஜர்னலிலும் (பேரிங்குக்குள் சுற்றும் பகுதி) இரண்டு திசையில் அளந்து, முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 10, 20, 30, 40 தவ் குறைத்துக் கிரைண்ட் செய்யலாம், அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் உண்டு. ஏற்கெனவே எத்தனை தவ் எடுத்திருக்கிறார்கள் என்பது பழைய பேரிங் ஷெல்லின் முதுகில் அச்சடித்திருக்கும். அதைப் பார்க்காமல் ஷெல்லைக் குப்பையில் போடாதீர்கள்.

அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு மூன்றுக்கும் வேலை ஒன்றுதானா?

முறை ஒன்றுதான், குணம் வேறு. அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்த பி-சீரிஸ். போர் 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. எவ்வளவு கொடுமைப்படுத்தினாலும் தாங்கும், மெதுவாகத்தான் சாகும். பிரீமியர் பத்மினியில் இருப்பது ஃபியட் 1100 இன்ஜின், 1089 சிசி, 68க்கு 75. ஹெட் அலுமினியம் என்பதால் ஒரு தடவை கொதித்தாலே வளைந்துவிடும். கழற்றினால் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துப் பார்க்காமல் மாட்டக் கூடாது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்த ஹெரால்டில் 948 சிசி, 63க்கு 76. சின்ன இன்ஜின். பானெட்டும் முன்பக்கமும் ஒரே துண்டாகத் தூக்கிக்கொள்ளும், முன் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். மூன்றிலும் சுகமான வேலை இதுதான் என்பது என் கட்சி.

ஸ்பேனர் எந்த அளவில் வாங்குவது?

ஃபியட்டுக்கு மில்லிமீட்டர். அம்பாசிடர், ஹெரால்டு, ஜீப்புக்கு இன்ச் அளவு ஏஎஃப் (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள அளவு). 1940களின் பிரிட்டிஷ் கார் என்றால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. மோரிஸ் கம்பெனியின் சில பழைய இன்ஜின்களில் ஒரு விசித்திரம் உண்டு: மரை மெட்ரிக், போல்ட்டின் தலை மட்டும் விட்வொர்த். அது தெரியாமல் கிடைத்த போல்ட்டை முறுக்கினால் பிளாக்கில் மரை போய்விடும். "கிட்டத்தட்டப் பிடிக்குது" என்று தப்பு அளவு ஸ்பேனரைப் போடுவதால்தான் பழைய கார்களில் பாதி நட்டு உருண்டையாக இருக்கிறது.

பிரிக்கும்போது எதைக் குறித்து வைக்க வேண்டும்?

போனில் படம் எடுங்கள், போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். இது எல்லோரும் சொல்வதுதான். மறக்கக் கூடாதது வேறு. கனெக்டிங் ராடு கேப்பும் மெயின் பேரிங் கேப்பும் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கென்றே கடையப்பட்டவை, ஒன்றுக்கொன்று மாற்றவோ திருப்பிப் போடவோ கூடாது. எண் இல்லாவிட்டால் பிரிக்கும் முன்பே பக்கவாட்டில் பஞ்ச் அடித்துவிடுங்கள். டப்பட்டுகளும் (கேம் ஷாப்ட்டின் மேடு, அதாவது லோப், தள்ளி வால்வை இயக்கும் துண்டுகள்) அப்படித்தான். பழைய கேம் ஷாப்ட்டையே திரும்பப் போடுவதாக இருந்தால், எந்த டப்பட் எந்த லோபில் ஓடியதோ அதிலேயே ஓட வேண்டும்.

போரிங், கிராங்க் கிரைண்டிங் நம் மாவட்டத்திலேயே நடக்குமா?

நடக்கும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று மீன்பிடித் துறைகள் இருக்கிற மாவட்டம் இது. விசைப்படகு டீசல் இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும் கைகளும் லேத் பட்டறைகளும் இங்கே பஞ்சமில்லை. படகு இன்ஜினில் பழகியவர்கள் கடலில் நின்றுவிடக் கூடாது என்ற பயத்தோடு வேலை செய்பவர்கள். பழைய கார்க்காரருக்கு அது நல்லதே. கிரைண்டிங் மெஷின் கிடைக்காவிட்டால் திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் கைக்கெட்டிய தூரம்தான்.

ஆனால் பட்டறைக்குப் போகும் முன் ஒரு விதி. பிஸ்டன் கையில் வந்த பிறகே போரிங். 40 தவ் ஓவர்சைஸுக்குப் போர் அடித்துவிட்டு அந்த பிஸ்டன் ஊர் முழுக்கக் கிடைக்காமல் அலைந்தால் கடைசியில் சிலீவ் (சிலிண்டருக்குள் செருகும் இரும்புக் குழாய்) போட வேண்டி வரும். பிஸ்டன் செட்டை பட்டறையில் கொடுத்து, ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அந்தந்த சிலிண்டரை அதற்கேற்ற இடைவெளியோடு அடிக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஹோனிங் (சுழலும் கல்லால் தேய்ப்பது) செய்து குறுக்குக் கோடுகள் விழ வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளப்பாகக் கொடுத்தால் ரிங் உட்காராது, ஆயில் குடிக்கும்.

ரிங்கை சிலிண்டருக்குள் தள்ளி முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். போர் ஒரு இன்ச்சுக்கு 3 முதல் 4 தவ் என்பது கை வழக்கம். அம்பாசிடருக்கு அது 9 முதல் 11 தவ் வரும். புது ரிங் என்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட வேண்டாம், இடைவெளி இல்லாத ரிங் சூட்டில் விரிந்து முனை முட்டி உடையும்.

கிராங்க் கிரைண்டிங்கில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஜர்னல் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் மூலையில் ஒரு வளைவு இருக்கும். அதை அப்படியே காப்பாற்ற வேண்டும். மூலையைக் கூர்மையாக வெட்டிவிட்டால் பின்னாளில் கிராங்க் உடைவது அந்த இடத்தில்தான். கிரைண்டிங்குக்கு முன் சாயம் தடவிப் பார்க்கும் விரிசல் சோதனையைச் செய்துவிடுங்கள், செலவு குறைவு.

1950க்கு முந்தைய இன்ஜின் என்றால் ஷெல் பேரிங்குக்குப் பதில் ராடிலேயே உருக்கி ஊற்றிய வெள்ளை உலோகம் இருக்கலாம். அதை ஊற்றிக் கடைந்து கையால் சுரண்டிப் பொருத்தத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் ஆளைக் கண்டுபிடித்த பிறகே இன்ஜினைத் திறப்பது நல்லது.

கடல் காற்றில் வேலை செய்வதால் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

போர் அடித்த பிளாக் பச்சை இரும்பு. குளச்சலிலோ ராஜாக்கமங்கலத்திலோ அதை ஒரு ராத்திரி வெறுமனே வைத்துப் பாருங்கள், காலையில் சிவப்பாக இருக்கும். பட்டறையிலிருந்து வந்ததும் முதலில் கழுவ வேண்டும். டீசலோ பெட்ரோலோ போதாது. ஹோனிங் கல்லின் பொடி சோப்புத் தண்ணீருக்குத்தான் வரும். சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, ஏர் அடித்து, காய்ந்த கையோடு ஆயில் தடவிவிடுங்கள். வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

பிளாக்குக்குள் ஆயில் ஓடும் பாதைகளின் முனை அடைப்பான்களைக் கழற்றி உள்ளே நீளமான பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பல வருஷத்துச் சகதி அங்கேதான் இருக்கும். கிராங்க்குக்கு உள்ளே இருக்கும் துளைகளும் அப்படியே. புது பேரிங் போட்டும் சில இன்ஜின்கள் சீக்கிரமே தட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அழுக்குதான். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் விழும் ஊர் இது. கோர்ப்பு வேலையை முடிந்தால் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய ஹெட்டைக் கெடுக்குமா?

இந்தியா முழுவதும் 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அதுவரை அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் மெத்தையாக இருந்தது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட் வெட்டியிருக்கும் அம்பாசிடர் போன்ற இன்ஜினில், நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் வால்வு மெல்ல ஹெட்டுக்குள் இறங்கும், டப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறது என்றால் எக்ஸாஸ்டுக்குக் கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். பத்மினி ஹெட் அலுமினியம், அதில் சீட் வளையம் ஏற்கெனவே தனிதான். ஊருக்குள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் காருக்காக இதற்கென்றே ஹெட்டைக் கழற்ற வேண்டாம், டப்பட்டை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்?

ஈயத்தைவிட இதுதான் இன்றைய தலைவலி. எத்தனால் பழைய ரப்பர் ஓஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் இறுக்கி விரிசல் விட வைக்கும், இல்லை ஊதிப்போக வைக்கும். பம்ப் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்த்துவிடும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசம் வந்தால் ஓட்டாதீர்கள். ஓஸ் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ரப்பர் விளைகிற மாவட்டம் என்பதால் ஒரு கூடுதல் வார்த்தை: இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பருத்துவிடும், கிடைத்த ரப்பர் டியூபை வெட்டி மாட்டுவது நெருப்போடு விளையாட்டு.

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் ஊர் ஈரத்துக்குச் சொல்லவே வேண்டாம். டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து துருப்பிடிக்கும், கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படியும். நெடுநாள் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் கலவைக்குக் காற்று குறைவாக வேண்டும் என்பதால் பழைய ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) இன்ஜின் மெலிந்து, அதாவது பெட்ரோல் குறைவான கலவையில் ஓடும், சூடாகும், பின்னடிக்கும். பிளக் முனை வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிப் பாருங்கள்.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

அம்பாசிடர் 2014 வரை தயாரானதால் பஞ்சம் இல்லை. கொல்கத்தா மல்லிக் பஜார்தான் அதன் தாய்வீடு. பத்மினிக்கு மும்பை. பழைய பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம். ஹெரால்டுக்கு இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதே சில நேரம் சுலபம், டிரையம்ஃப் ஹெரால்டின் பாகங்கள் அங்கே இன்னும் புதிதாகச் செய்யப்படுகின்றன. கேஸ்கெட், ஆயில் சீல், பேரிங் இவற்றை நம்பர் பார்த்து வாங்குங்கள், படம் பார்த்து வாங்காதீர்கள். பல சீலும் பந்து பேரிங்கும் பொது அளவுகள்தான். உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றையும் அளந்துகொண்டு போனால் கார் பெயரைச் சொல்லாமலே கோட்டாற்றில் வாங்கிவிடலாம், விலையும் குறையும்.

எல்லாம் புதிதாகப் போட்டும் அம்பாசிடர் இன்ஜினின் பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது. வேலை சரியில்லையா?

அவசரப்பட்டு மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். பழைய பி-சீரிஸ் கிராங்க்கின் பின்முனையில் இன்றைய கார் மாதிரி ரப்பர் சீல் கிடையாது. கிராங்க்கிலேயே மரை போல ஒரு சுருள் வெட்டியிருக்கும். சுற்றும்போது அது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும், நின்றுவிட்டால் தடுக்க ஒன்றும் இல்லை. ஆகவே நிறுத்திய பின் ஓரிரு சொட்டு விழுவது அந்த இன்ஜினின் சுபாவம். கோடாக ஓடினால்தான் குறை. பெரும்பாலும் பிரீதர் குழாய் அடைத்திருக்கும். உள்ளே காற்றழுத்தம் ஏறினால் ஆயில் அந்த வழியாகத்தான் வெளியேறும். கிரைண்டிங் செய்யக் கொடுக்கும்போது அந்தச் சுருளைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

சூடாகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள்.

இந்த யோசனை ஊருக்கு ஊர் உண்டு, எனக்கு இதில் உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. அது இல்லாத இன்ஜின் சூடேற நேரம் எடுக்கும். அதுவரை பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும், புதிதாகப் போட்ட ரிங்கும் போரும் தேயும். சூட்டுக்குக் காரணத்தைத் தேடுங்கள். பிளாக்கின் தண்ணீர் அறைகளில் பின் சிலிண்டர் பக்கம் துருச்சேறு கெட்டியாகப் படிந்திருக்கும். வெல்ச் பிளக்குகளை (பிளாக்கின் தண்ணீர் அறைகளை மூடும் தகட்டு மூடிகள்) கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி எடுத்து, தண்ணீரை எதிர்த்திசையில் அடித்து வெளியேற்ற வேண்டும். பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல் டேங்க்கை உருக்கிக் கழற்றி ஒவ்வொரு குழாயிலும் தகடு விட்டுச் சுத்தம் செய்யலாம், அதற்கு ஆட்கள் உண்டு. கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கரையோரக் கிணறு என்றால் கட்டாயம் வேண்டாம். கூலன்ட் போடுங்கள்.

புதிதாகக் கோர்த்த இன்ஜினை முதல் முறை எப்படி ஸ்டார்ட் செய்வது? எப்படிப் பழக்குவது?

பிளக் இல்லாமல் செல்ஃபில் சுற்றி, கேஜில் ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பின்தான் பிளக் மாட்ட வேண்டும். புது கேம் ஷாப்ட், டப்பட் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள். சுமார் 20 நிமிஷம் 1500க்கும் 2000க்கும் நடுவில் ஆர்பிஎம் இருக்கும்படி ஓடட்டும். கேமுக்கு ஆயில் தெறித்துத்தான் கிடைக்கிறது, மெதுவாகச் சுற்றினால் அது போதாது. இந்த வகை இன்ஜினுக்கு ஜிங்க் சேர்ந்த 20டபிள்யூ-50 ஆயில் நல்லது. புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில் வேண்டாம்.

ஒரு முறை சூடாகிக் குளிர்ந்த பிறகு ஹெட் நட்டைத் திரும்ப டார்க் (இறுக்கும் அளவு) பார்க்க வேண்டும். பி-சீரிஸுக்கு 40 அடி-பவுண்டு, நடுவிலிருந்து வெளியே. அதற்குப் பிறகே டப்பட் இடைவெளி. முதல் 500 கிலோமீட்டரில், இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றுங்கள்.

பழக்கும்போது ஐடிலில் போட்டு மணிக்கணக்கில் ஓட விடுவது தவறு. ரிங் உட்கார மிதமான சுமை வேண்டும். நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி பக்கம், தோவாளை பக்கம் என்று வேகம் ஏறி இறங்கும் சாலைகளில், மிதிப்பதும் விடுவதுமாக ஓட்டுங்கள். டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே அழுத்தி மிதித்து இன்ஜினைத் திணற விடக் கூடாது. ஆனி, ஆடியில் திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஊர் திரும்பும்போது எதிர்காற்று காரைப் பிடித்துத் தள்ளும். சமதளம்தானே என்று டாப் கியரிலேயே மிதித்தால் ஏற்றத்தில் இழுக்கிற சுமைதான் விழும். ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் முதலா, பிரேக் முதலா?

பிரேக். ஓடாத கார் யாரையும் இடிக்காது. வீல் சிலிண்டரும் மாஸ்டர் சிலிண்டரும் உள்ளே துருக் குழி விழுந்திருந்தால் புது ரப்பர் கிட் போட்டுப் பயனில்லை, சிலீவ் அடிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். இரும்பு பிரேக் குழாய்கள் கடற்கரை வண்டிகளில் கிளிப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் அரித்திருக்கும். தயங்காமல் மொத்தமாக மாற்றுங்கள். பிரேக் ஆயில் இல்லையே என்று அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிவிடும், முழு சிஸ்டத்தையும் பிரிக்க வேண்டி வரும். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுப்பதுதான். நம் ஊரில் வருஷம் ஒரு தடவை மாற்றினால் தப்பில்லை.

கியர் பாக்ஸ், கிளட்ச்?

அம்பாசிடரிலும் ஃபியட் 1100இலும் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓட்டத்தில் கியர் சத்தமின்றி விழ உதவும் அமைப்பு) கிடையாது. ஓடும்போது முதல் கியருக்குத் தள்ளினால் கரகரவென்றுதான் சொல்லும், அதற்காகப் பிரிக்க வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது கரகரத்தாலோ, காலை எடுத்ததும் கியர் குதித்து வெளியே வந்தாலோதான் உள்ளே வேலை. இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்டீரிங், சஸ்பென்ஷனில் ஏதாவது?

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதை மட்டும் படித்தாலும் போதும். முன் சக்கரத்தின் கீழ் டிரனியனுக்கு (சக்கரம் திரும்பும் மரை போட்ட மூட்டு) கிரீஸ் இல்லை, கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் உள்ளே இறங்காமல் மரை காய்ந்து துருப்பிடித்து ஒரு நாள் முறியும், சக்கரம் மடிந்து படுத்துவிடும். அம்பாசிடரில் முன்னால் இருப்பது டார்ஷன் பார். இடது வலது மாற்றிப் போடக் கூடாது. லீவர் வகை ஷாக் அப்சார்பரில் ஆயில் வற்றியிருந்தால் முதலில் நிரப்பிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

செலவு எவ்வளவு ஆகும்?

இன்ஜினைத் திறப்பதற்கு முன் யார் சொல்லும் தொகையும் குத்துமதிப்புதான். கழற்றி அளக்க மட்டும் முதலில் கூலி பேசுங்கள். அளவுகள் வந்த பிறகு பாகம், பட்டறை வேலை, கோர்க்கும் கூலி என்று மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். "மொத்தமா இவ்வளவு" என்று முதல் நாளே பேசினால், நடுவில் பணம் பற்றாமல் கார் பட்டறையிலேயே நின்றுவிடும். பிரித்துப் போட்ட கார் மழையில் நிற்பதைப்போல நஷ்டம் வேறில்லை.

பேசாமல் ஒரு டீசல் இன்ஜினை வைத்துவிட்டால் என்ன?

மைலேஜ் கணக்குப் பார்த்து ஒரு காலத்தில் பலர் அப்படிச் செய்தார்கள். இன்று இரண்டு காரணத்துக்காக யோசியுங்கள். இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்சி புத்தகத்தில் எண் ஏற வேண்டும். இன்னொன்று, 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் செய்யாத கார், டூவீலர்களை மட்டுமே அது விண்டேஜ் என்று ஏற்கிறது. அந்த வகையில் புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவில் இருக்கும் வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் பதிவில் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. ஓட்டத்தான் வேண்டும் என்பவர்கள் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போவது மேல்.

போர் 40 தவ் கூட்டினால் அம்பாசிடரின் 1489 சிசி சுமார் 1531 ஆகும். அது கம்பெனி அனுமதித்த பழுதுபார்ப்பு, இன்ஜின் மாற்றம் ஆகாது. பிளாக்கையே வேறு வாங்கிப் போட்டால்தான் எண் சிக்கல். ஆகவே பிளாக்கை விரிசலுக்காக ஒதுக்கும் முன் தைத்து ஒட்டவோ சிலீவ் போடவோ முடியுமா என்று பார்த்துவிடுங்கள். வேறு பிளாக் வாங்கியே ஆக வேண்டுமென்றால் அதன் பழைய ஆர்சியும் விற்ற ரசீதும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதற்கு முந்தைய வண்டி என்றால் முதல் பதிவு அந்தக் கணக்கில் இருக்கும். வீட்டு அலமாரியில் பழைய வரி ரசீது, இன்ஷூரன்ஸ் தாள் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். இன்ஜினையும் சேசிஸையும் கழுவி பெயின்ட் அடிக்கும் முன் இரண்டு எண்களையும் தாள் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் ஆர்டிஓவோ மார்த்தாண்டமோ, இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.